நாக்கில் ஒரு வளையம்

"வீ...ல்ல்ல்!"

ரிசப்ஷனிஸ்ட்டின் அலறல் கட்டடம் முழுக்கக் கேட்டது. கேண்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டார்.

அலறல் வந்தது டெமோ அறையிலிருந்து!

பெண்களுக்கான ஆபரேஷன் கருவிகள் செய்யும் கம்பெனி அது. வாங்க வரும் டாக்டர்களுக்குக் கருவியைக் காட்டி விளக்க ஒரு அறை. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள்.

நாற்காலியில்...

பெரிய டாக்டர்!

மல்லாந்து கிடந்தார். ஒரு கால் தாங்கியில் ஏறி நின்றது. இன்னொன்று தரையைத் தேடிக்கொண்டிருந்தது. முகவாயிலிருந்து வெள்ளைச் சட்டை வரை ரத்தம். பின்மண்டை நாற்காலியின் இரும்புக் கம்பியில் இடித்துப் புடைத்திருந்தது. நாக்கு வெளியே நீண்டிருந்தது.

நாக்கைக் கவ்விக்கொண்டு தொங்கியது ஒரு கருவி!

பச்சைக் கைப்பிடி. நுனியில் தண்ணீர் போலத் தெளிவான சிலிக்கோன் கப்பு.

காலமெல்லாம் பெண்களை அப்படியொரு நாற்காலியில் படுக்கவைத்தவர், இன்று தானே படுத்திருந்தார். சௌகரியமாக இருந்ததா என்று கேட்க வழியில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். போலீஸ் ஸ்டேஷன் அடுத்த தெருதான். பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு ஏட்டு.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பெரிய டாக்டரின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். நிமிர்ந்தார்.

தொப்பியைக் கழற்றினார்.

அறையிலிருந்த எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஐயோ மாமா...!" என்று கதவோரம் சரிந்தார் எம்.டி. பெரிய டாக்டரின் மாப்பிள்ளை. கம்பெனியின் முதலாளி. சரிகிற நேரத்திலும் ரத்தம் படாத இடமாகப் பார்த்துச் சரிந்தார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களில் ஒருவரின் காதில் ஏதோ சொன்னார். நாக்கில் தொங்கிய கருவியோடு அப்படியே தூக்கிப்போனார்கள்.

"யார் கடைசியா பார்த்தது?"

"அதெல்லாம் அப்புறம் மேடம்!" எம்.டி. விருட்டென்று எழுந்தார். "முதல்ல இவள அரெஸ்ட் பண்ணுங்க! இந்த எமனைச் செஞ்சவளே இவதான்!"

அவர் விரல் நீண்ட இடத்தில் ஒல்லியாக ஒரு இளம்பெண். கம்பெனியின் டிசைனர். முகத்தில் ரத்தமில்லை. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம்..."

"இருங்க. முதல்ல இது என்ன கருவி? எதுக்கு?"

எம்.டி. சீலிங்கைப் பார்த்தார். "அது வந்து... லேடீஸ் சமாச்சாரம் மேடம்."

"நானும் லேடிதான். சொல்லுங்க."

"அதாவது... உள்ள... கொஞ்சம் கீழ..."

"கீழன்னா? கிரவுண்ட் ஃப்ளோரா?"

ஏட்டு இருமி வைத்தார்.

டிசைனர்தான் வாயைத் திறந்தாள். "கருப்பை வாய் மேடம். கருத்தடைச் சாதனம் பொருத்தறப்பவோ, டெஸ்ட்டுக்குச் சதை எடுக்கறப்பவோ அது நகராம இருக்கணும். அதுக்காகப் பிடிச்சுக்கற கருவி."

"இவ்வளவு காலமா எதை வெச்சுப் பிடிச்சாங்க?"

அவள் சுவரோரக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். சிவப்பு வெல்வெட் மேல் பளபளப்பாக ஒரு இரும்பு. கத்தரிக்கோல் மாதிரி பிடி. நுனியில் எதிரெதிரே வளைந்த இரண்டு கூரான பற்கள்.

"இதை வெச்சு. நாங்க கொக்கின்னு சொல்வோம்."

'க்ளிக்... க்ளிக்...' மூடிக் காட்டினாள். பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.

ஏட்டு கால் மேல் கால் போட்டுக்கொண்டார். நின்றுகொண்டே.

"ரெண்டு பல்லும் சதைக்குள்ள இறங்கும். இழுக்கறப்ப சில பேருக்குக் கிழியும். ரத்தம் வரும். வலியில மயக்கமே வரும்."

"மரத்துப்போற ஊசி?"

"போடலாம். நிறைய இடத்துல போடறதில்ல மேடம். 'அங்க நரம்பே கிடையாது, சும்மா கத்தறாங்க'ன்னு சொல்லிடுவாங்க."

"யார் சொல்வாங்க?"

டிசைனர் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டரின் முகம் கசந்தது. "எனக்கும் ஒரு தடவை போட்டாங்க. 'ஒரு இருமல் இருமும்மா, முடிஞ்சுடும்'னாங்க. இருமினேன். அடுத்து நான் பார்த்தது, நர்ஸம்மா என் மூஞ்சியில தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்ததைத்தான்."

"மேடம்... இதெல்லாம் ஆம்பளைங்க முன்னால..." எம்.டி. நெளிந்தார்.

"நீங்க தயாரிக்கற சாமான் சார். நான் என்ன ஊறுகாய் ஜாடியைப் பத்தியா பேசறேன்?"

எம்.டி. பல்லைக் கடித்தார். "காலையில மீட்டிங்ல என்ன நடந்துச்சுன்னு அவளைக் கேளுங்க! எல்லார் முன்னாலயும் மாமாவை மிரட்டினா! 'உங்க நாக்குல மாட்டிக் காட்டுங்க'ன்னு! இப்ப நாக்குலயே மாட்டிக் கொன்னுட்டா!"

"சொன்னியாம்மா?"

"சொன்னேன்." டிசைனரின் குரல் உடைந்தது. "நரம்பு இல்லை, வலிக்காதுன்னு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 'பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் நடிப்பு ஜாஸ்தி'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. வலிக்காதுன்னா உங்க நாக்குல மாட்டிக் காட்டுங்க சார்னு கேட்டுட்டேன்."

"அதென்ன குறிப்பா நாக்கு?"

"வாங்க, காட்டறேன்."

சோதனைக்கூடம். மூலையில் ஒரு குளிர்ப்பெட்டி. கதவைத் திறந்தாள்.

குப்ப்...!

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைத் தேடினார். ஏட்டு வாசலைத் தேடினார்.

தட்டுத் தட்டாக மாட்டு நாக்குகள். சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று, விறைத்துக் கிடந்தன. சிலவற்றில் இரண்டிரண்டு ஓட்டைகள். சில கிழிந்து தோரணம் கட்டியிருந்தன. பாக்கி எல்லாம் முழுசாக இருந்தன.

"கருப்பை வாய்ச் சதையோட இறுக்கம் கிட்டத்தட்ட இதே மாதிரி. அதனால கசாப்புக் கடையிலேருந்து நாக்கு வாங்கித்தான் டெஸ்ட் பண்றோம். ஓட்டை விழுந்ததெல்லாம் கொக்கி. முழுசா இருக்கறது என் கப்பு. காத்தை உறிஞ்சிப் பிடிச்சுக்கும். பல்லே கிடையாது. பிடியில இருக்கற பட்டனை அமுக்கினா விட்டுடும்."

"உயிருள்ள ஆள் மேல போட்டுப் பார்த்ததில்லையா?"

"அந்த அனுமதி கேட்கத்தான் மேடம் இத்தனை பாடும். இன்னிக்கு மத்தியானம் மருத்துவ போர்டு வருது. அவங்க சரின்னா கப்பு ஆஸ்பத்திரிக்குள்ள நுழையும்."

"இல்லேன்னா?"

"எம்.டி. இந்த வேலையையே மூடிடுவார். கோடவுன் முழுக்கக் கொக்கி அடுக்கி வெச்சிருக்கார். அதெல்லாம் எங்கே போய் இறங்கும்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கப்பு ஆளையே கொன்னுடுச்சுன்னு ஆயிடுச்சு. போர்டு எட்டிக்கூடப் பார்க்காது." டிசைனர் குளிர்ப்பெட்டிக் கதவைச் சாத்தினாள். "நான் ஜெயிலுக்குப் போறதைக்கூடத் தாங்கிக்குவேன் மேடம். கொக்கி ஜெயிச்சுடுச்சே... அதைத்தான் தாங்க முடியல."

டிங்!

இன்ஸ்பெக்டரின் செல்லில் ஒரு படம் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து! கப்பை எடுத்தபின் பெரிய டாக்டரின் நாக்கு. மிக அருகில் எடுத்த படம்.

ஏட்டு எட்டிப் பார்த்தார். "உவ்வே...!" மறுபடி வாசலுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் படத்தை டிசைனரிடம் நீட்டினார். "பாரு. இங்கே ரெண்டு ஓட்டை. ஒண்ணு கிழிஞ்சிருக்கு."

டிசைனரின் கண்கள் விரிந்தன. "இது கொக்கி மேடம்! சத்தியமா கொக்கிதான்! கப்புல பல்லே இல்லையே!"

"சரி. இந்த ஓட்டையைச் சுத்தி, பொட்டு வெச்ச மாதிரி ஒரு கருநீல வளையம் இருக்கே. அது?"

டிசைனர் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"என் கப்பு அளவுதான்... ஆனா இது எப்படி? எத்தனையோ நாக்குல மாட்டியிருக்கேன். ஒண்ணுலகூட இப்படி வளையம் விழுந்ததே இல்ல."

"உன்கிட்ட இன்னொரு கப்பு இருக்கா?"

"இருக்கு."

"கொண்டு வா."

கொண்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். நாக்கை நீட்டினார்.

"மே... மேடம்!" ஏட்டு ஓடி வந்தார். "வேணாம் மேடம்! குழந்தைகுட்டிக்காரர் நீங்க!"

"ஏன்யா, உன் நாக்கைத் தர்றியா?"

ஏட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

'சுப்ப்...'

கப்பு ஒட்டிக்கொண்டது. டிசைனர் மெல்ல இழுத்தாள். நாக்கு கூடவே வந்தது. இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. அவ்வளவுதான். கத்தல் இல்லை. ரத்தம் இல்லை. கொஞ்சம் வைத்திருந்துவிட்டுப் பட்டனை அமுக்கினாள். 'டப்' என்று விட்டது.

"என்ன மேடம்?"

"ஒட்டின மிட்டாயைப் பிச்ச மாதிரி இருக்கு. கண்ணாடி குடு."

கண்ணாடியில் பார்த்தார்.

நாக்கின் நடுவில் சிவப்பாக ஒரு வளையம்!

டிசைனர் குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் நாக்கைப் பார்த்தாள். மறுபடி குளிர்ப்பெட்டி.

"மேடம்...! அதெல்லாம் கசாப்புக் கடை நாக்கு! செத்தது! ரத்தம் ஓடினாத்தானே கன்றிப் போகும்? அதான் எனக்கு இந்த வளையம் கண்ணுலயே படல! அப்படின்னா, பெரிய டாக்டர் நாக்குல கப்பு ஒட்டறப்ப அவர்..."

"உயிரோட இருந்திருக்கார்." இன்ஸ்பெக்டர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "முதல்ல கொக்கி. அதைக் கழட்டிட்டு அப்புறம் கப்பு. யாரோ மாத்தியிருக்காங்க. வா, உங்க முதலாளி ரூமுக்கு."

எம்.டி.யின் அறை. குளுகுளு ஏ.சி. ஆளை விழுங்குகிற சோபா. எம்.டி. ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க சார்."

"பரவால்ல மேடம். நிக்கறேன். துக்கம்..."

"துக்கத்துக்குத்தான் உக்காருவாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"ஆ...!"

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல... ஸ்ப்ரிங்கு."

"ஸ்ப்ரிங்கு இல்லாத சோபா சார் இது." ஏட்டு அழுத்திப் பார்த்துச் சொன்னார்.

"மாமாவைப் பார்த்தீங்களா சார், ரிசப்ஷனிஸ்ட் கத்தறதுக்கு முன்னாடி?"

"இல்லவே இல்ல. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்." நெற்றியில் வியர்வை. ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"நல்லது. ஒரு சந்தோஷமான சேதி. கப்பு வெச்சுத்தான் குற்றம் நடந்திருக்கு. நீங்க சொன்னது சரி."

எம்.டி.யின் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே! அரெஸ்ட் பண்ணுங்க!"

டிசைனர் திடுக்கிட்டாள். "மேடம்!"

"இரும்மா. சார், உங்க மாமா நாக்குல ஒரு வளையம் விழுந்திருக்கு. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் அது விழும். இதோ பாருங்க, எனக்கும்." நாக்கை நீட்டிக் காட்டினார். எம்.டி. அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆக, யார் கப்பை மாட்டினாங்களோ அவங்க உயிரோட இருந்த ஒரு மனுஷன்கிட்ட கைவரிசையைக் காட்டியிருக்காங்க. அப்ப இது கொலை. தூக்குகூடக் கிடைக்கலாம். கப்புப் பிடியில கைரேகை எடுக்க ஆள் வந்துக்கிட்டிருக்கு."

எம்.டி.யின் முகத்தில் மலர்ந்ததெல்லாம் உதிர்ந்தது.

"உ... உயிரோடயா?"

"உயிரோட."

"இல்ல! செத்துக் கிடந்தார்! நான் போறப்பவே செத்துத்தான் கிடந்தார்! செத்தப்புறம்தான் நான் கப்பை..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.



"சொல்லுங்க சார். கப்பை...?" இன்ஸ்பெக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதை கேட்கிற குழந்தை மாதிரி.

எம்.டி. உடைந்தார்.

"மாமாவேதான் மேடம் மாட்டிக்கிட்டார்! கொக்கியை! இவ காலையில கேட்ட கேள்வி அவரைக் குடைஞ்சிருக்கு. போர்டு முன்னால தன் நாக்குலயே மாட்டிக் காட்டி இவளை அசிங்கப்படுத்தணும்னு மீட்டிங் முடிஞ்சதுமே என்கிட்ட சொன்னார். அதுக்கு ஒத்திகை பாத்திருக்கார்!"

"ஒத்திகையா...?" ஏட்டு வாய் பிளந்தார். உடனே ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

"வலிக்காதுன்னு அவர் நெஜமாவே நம்பினார் மேடம்! அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி... அவருக்கே நம்பிக்கை வந்துடுச்சு! நான் போறப்ப கொக்கி நாக்கைக் கிழிச்சுக்கிட்டு, நழுவற மாதிரி தொங்குது. ஒரே ரத்தம். அசையல. கொக்கியால செத்தார்னு வெளிய தெரிஞ்சா என் கோடவுன் கதி என்ன? அதான் கொக்கியைக் கழட்டிட்டு..."

"கப்பை மாட்டி, பழியை இந்தப் பொண்ணு தலையில போட்டீங்க. மாமாவுக்கு மூச்சு இருக்கான்னு பார்க்கல?"

"ரத்தம் மேடம்... எனக்கு ரத்தம்னாலே குமட்டும். கண்ணை மூடிக்கிட்டுத்தான் மாட்டினேன்."

"கொக்கி விக்கிறீங்களே சார்!"

"விக்கிறதுக்கு எதுக்கு மேடம் பார்க்கணும்?"

சீ... என்று சொன்னது டிசைனரா, ஏட்டா, ஏ.சி.யா என்று தெரியவில்லை.

"சரி, கழட்டின கொக்கி எங்கே?"

எம்.டி. எழுந்தார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து ரத்தம் தோய்ந்த கைக்குட்டை ஒன்றை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். "அம்மா...!" என்று அலறினார். அவசரத்தில் திணித்த கொக்கி, கைக்குட்டையைத் தாண்டி, பேன்ட்டைத் தாண்டி, தொடையில் போய் இறங்கியிருந்தது!

"அங்கே நரம்பு இருக்கா சார்?" இன்ஸ்பெக்டர் அக்கறையாக விசாரித்தார்.

அப்போதுதான் அவர் செல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் பேசறேன். நீங்க அனுப்பினவர் கண்ணு முழிச்சுட்டார்."

"யா... யாரு?" எம்.டி. தொடையை மறந்தார்.

"உங்க மாமாதான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செத்துட்டார்னு சொன்னீங்களே!"

"நான் எங்கே சொன்னேன்? தொப்பியைக் கழட்டினேன். வேர்த்துச்சு." இன்ஸ்பெக்டர் செல்லை இன்னும் அருகில் வைத்தார். "கழுத்துல துடிப்பு நல்லாவே இருந்துச்சு. ஆனா நீங்க விட்ட ஒப்பாரியில ஒரு அவசரம் தெரிஞ்சுது. செத்ததாவே இருக்கட்டும், யார் என்ன பேசறாங்கன்னு பார்ப்போம்னு விட்டேன். டாக்டர், எப்படிப் பிழைச்சார்?"

"அதிசயம்தான் மேடம். வலியில மயங்கி, மண்டையில வேற அடி. மல்லாந்து கிடந்திருக்கார். அந்த நெலமையில நாக்கு உள்ள மடங்கி, ரத்தம் தொண்டையில இறங்கி, மூச்சு முட்டியே போயிருக்கணும். ஆனா யாரோ அந்தக் கப்பை மாட்டியிருக்காங்க. அதோட கனம் நாக்கை வெளிய இழுத்துப் பிடிச்சிருக்கு. மூச்சுக்கு வழி கிடைச்சிருக்கு. ரத்தமும் கப்புக்குள்ளயே உறைஞ்சு நின்னுடுச்சு. மாட்டினவங்களுக்கு அவர் கோயில் கட்டணும்!"

எம்.டி. சோபாவில் விழுந்தார். இந்தத் தடவை கத்தக்கூட இல்லை.

டிசைனர் அழுதாள். சிரித்தாள். எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

வாசலில் கார்கள் வந்து நின்றன.

போர்டு!

தலைவி முன்னால் நடந்து வந்தார். நரைத்த கிராப், கறாரான பார்வை. நடந்ததை நின்றபடியே கேட்டார். எம்.டி.யின் தொடையைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு அருவருப்பு.

"உயிருள்ள சதையில இந்தக் கப்பு என்ன செய்யும்னு கேட்கத்தான் வந்தோம். ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று டிசைனரிடம் கேட்டார்.

டிசைனர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் போர்டு முழுவதையும் பார்த்து நாக்கை நீட்டினார்.

போர்டுக்கு இதுவரை யாரும் நேருக்கு நேர் அப்படிச் செய்ததில்லை. எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான்.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வலி?"

"இல்ல மேடம்."

"ரத்தம்?"

"சொட்டுகூட இல்ல."

"அங்கே இன்னொருத்தர் உயிரே இதனால பிழைச்சிருக்குன்னு சொல்றீங்க." நிமிர்ந்தார். "ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்க்க அனுமதி தர்றோம். ஊசியும் போட்டுத்தான் ஆரம்பிக்கணும், புரியுதாம்மா? அந்தக் கோடவுனுக்கு இன்னிக்கே சீல் வைங்க."

டிசைனர் தலையாட்டினாள். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அப்போதுதான் மேஜை மேல் வைத்தாள்.

ஏட்டு எம்.டி.யின் கையில் விலங்கை மாட்டினார். மாட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், எஃப்.ஐ.ஆர்.ல என்னன்னு எழுதறது? கொலை நடக்கல. இந்த ஆள் மாட்டின கப்புதான் உசுரையே காப்பாத்தியிருக்கு."

"பொய்ச் சாட்சி, ஆதாரத்தை மாத்தினது, குத்துயிரா கிடந்தவரை விட்டுட்டு ஓடினது... எழுதுய்யா, தாராளமா இடம் இருக்கு."

செல்லில் ஆஸ்பத்திரி டாக்டர் இன்னும் காத்திருந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மேடம்... இன்னொரு விஷயம். நாக்குல தையல் போடணும். சின்னதுதான். ஆனா ஊசியைப் பார்த்ததுமே பெரிய டாக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறார். பேச வரல. மரத்துப்போற மருந்து குடு, நிறையக் குடுன்னு ஜாடை காட்டறார். கட்டிலையே ஆட்டறார். என்ன பண்ணட்டும்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கேட்டதுக்கு மேலயே குடுத்துடுங்க டாக்டர். பாவம்... ஆம்பளைங்க உடம்பு, வலி தாங்காது!"